செடிக்கு முன் சரிவு: பாலைவன ஈரநிலங்களை மீட்பது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலைவன நகரங்களில் வெள்ளம் புகும்போதெல்லாம் பத்திரிகைகளில் இரண்டு யோசனைகள் வருகின்றன. வடிகாலை அகலமாக்கி, கான்கிரீட் போட்டு, தண்ணீரை உடனே ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்பது ஒன்று. ஏரி வெட்டி, சுற்றிலும் மரம் நட்டால் போதும் என்பது இன்னொன்று. நீரியலிலும் ஓடை மீட்புப் பணியிலும் இருக்கும் எங்களுக்கு இரண்டுமே கவலை தருகின்றன. முதல் யோசனை வெள்ளத்தை அடுத்த ஊருக்குத் தள்ளுகிறது. இரண்டாவது, நல்ல எண்ணத்தோடு தொடங்கி, மூன்று நான்கு ஆண்டுகளில் வண்டல் மூடிய பள்ளமாகவோ கொசுக் குட்டையாகவோ முடிகிறது. அழிந்த ஈரநிலத்தையும் கரையோரக் காட்டையும் திரும்பக் கொண்டுவந்து மழைவெள்ளத்தைத் தாங்கச் செய்ய முடியும். அதற்கு வேலைகளின் வரிசை முக்கியம்: ஓடையின் சரிவு, அடுத்து வண்டல், அதன் பிறகே தண்ணீர், கடைசியில் செடி. பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

முதலில் ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறோம். 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில், கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரு நாளுக்குள் 254 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 1949-ல் பதிவுகள் தொடங்கிய பிறகு அந்த நாடு காணாத மழை அது. அப்படிப்பட்ட மழையை எந்த ஈரநிலமும் தாங்காது. தாங்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். ஈரநிலம் கைகொடுப்பது ஆண்டுக்குச் சில தடவை பெய்யும் 10 முதல் 40 மி.மீ. மழைக்குத்தான். ஆனால் ஓடைக் கரைகளை ஆண்டுதோறும் அரிப்பவையும், சாலை எண்ணெயை நீர்நிலைக்குள் கொண்டு சேர்ப்பவையும் பெரும்பாலும் இந்தச் சாதாரண மழைகளே.

பாலைவனத் தரை காய்ந்த பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது வேறு. பல இடங்களில் மேல்மண்ணில் மெல்லிய ஓடு படிந்திருக்கும். அடர்ந்த மழை விழுந்ததும் நுண்மண் துளைகளை அடைத்து, அந்த ஓடு இன்னும் இறுகிவிடும். மறைக்கப் புல்லும் இல்லை. எனவே நீர் நிமிடங்களில் ஓடைக்கு வந்துவிடுகிறது. உண்மையில் தண்ணீரை உறிஞ்சுவது ஓடையின் பருமணல் படுகை. ஈரமான நாடுகளில் ஆறு கீழே போகப் போகப் பெருகும். பாலைவனக் காட்டாறோ போகப் போகப் படுகைக்குள் நீரை இழந்து சுருங்கும். அந்தப் படுகையைக் கான்கிரீட்டால் மூடினால் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரே இடமும் போகிறது. ஒவ்வொரு கிளை ஓடையின் உச்சவெள்ளமும் வழியில் குறையாமல், ஒரே நேரத்தில் கீழே வந்து சேர்கிறது.

சரிவு ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு லாஸ் வேகாஸ் வாஷ் நல்ல சான்று. நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கின் மழைநீரையும், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரையும் மீட் ஏரிக்குக் கொண்டுசெல்லும் சுமார் 19 கி.மீ. ஓடை அது. நகரம் வளர வளர, எப்போதாவது ஓடிய ஓடையில் எப்போதும் நீர் ஓடத் தொடங்கியது; இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கோடி லிட்டர். அதன் மேல் மழைவெள்ளமும் சேர்ந்தபோது படுகை ஆழமாகக் குடைந்தது. படுகை இறங்கியதும் அதனோடு நிலத்தடி நீர்மட்டமும் இறங்கியது. கரையில் நின்ற நாணலின் வேருக்கு நீர் எட்டவில்லை. 1970களில் சுமார் 800 ஹெக்டேராக இருந்த ஈரநிலம் 1990களில் 80 ஹெக்டேராகச் சுருங்கியது. நீர் குறைந்து அழியவில்லை, நீர் கூடி அழிந்தது என்பதைக் கவனியுங்கள். 1998-ல் அமைந்த ஒருங்கிணைப்புக் குழு அங்கே குறுக்கே 21 தடுப்புகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஓடையின் சரிவைச் சிறு சிறு படிகளாக உடைத்தது. படிகளுக்கு இடையே நீர் வேகம் தணிந்து வண்டல் தங்கியது. அந்த வண்டலில்தான் செடி நட்டார்கள். ஏரிக்குப் போன மிதக்கும் வண்டல் பாதிக்கும் கீழே குறைந்தது.

கணக்கு எளிது. கிலோமீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் ஓடை ஒன்று குடைகிறது; அந்த மண்ணுக்கும் அந்த வெள்ளத்துக்கும் 3 மீட்டர் இறக்கம்தான் நிலைத்து நிற்கும் என்று ஆய்வில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 மீட்டர் இறக்கத்தைத் தடுப்புகள் ஏற்க வேண்டும். 1 மீட்டர் உயரத் தடுப்பு என்றால் சுமார் 140 மீட்டருக்கு ஒன்று, கிலோமீட்டருக்கு ஏழு. இரண்டு பெரிய அணை கட்டி முடித்துக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லா ஒப்பந்தப்புள்ளியிலும் தலைகாட்டும். உயர்ந்த தடுப்பின் அடியில் நீர் விழும் வேகம் அதிகம். கீழே குழி பறித்து, தடுப்பின் அடித்தளத்தையே தோண்டிவிடும்.

தடுப்புகள் உடையும் விதங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைதான். முதலாவது, மேலே சொன்ன அடிக்குழி. தடுப்புக்குக் கீழே, அதன் உயரத்தைப் போல் நான்கைந்து மடங்கு நீளத்துக்காவது கல் பாவியிருக்க வேண்டும். இரண்டாவது, வெள்ளம் தடுப்பைத் தாண்டாமல் ஓரமாகக் கரையை அறுத்துக்கொண்டு போவது. தடுப்பின் நடுப்பகுதி இரு முனைகளையும்விடத் தாழ்ந்திருக்க வேண்டும். முனைகள் இரண்டும் கரைக்குள் குறைந்தது ஒரு மீட்டர் புதைந்திருக்க வேண்டும். மேற்பரப்பை மட்டமாகக் கட்டி, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் முதல் பெருவெள்ளத்திலேயே ஓடை தனக்கு வேறு வழி எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, கல்லுக்கு அடியில் உள்ள நுண்மணல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறி, மேலே உள்ள கல் அமிழ்வது. கல்லுக்குக் கீழே சரளை அடுக்கு அல்லது வடிகட்டும் துணி போட்டால் இது நிற்கும். உருண்டைக் கல்லைத் தவிர்க்க வேண்டும்; உடைத்த, கோணலான கல்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

பெரிய ஓடையில் இறங்குவதற்கு முன், அதற்கு நீர் கொண்டுவரும் சிற்றோடைகளில் வேலையைத் தொடங்க வேண்டும். பணமும் அங்கே குறைவாகவே ஆகும். அமெரிக்கத் தென்மேற்கில் பில் ஸீடைக் என்பவர் பரவலாக்கிய ஓரடுக்குக் கல்தடுப்பு முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனெனில் எளிது என்று நினைத்தே இதை அதிகம் கெடுக்கிறார்கள். 3 மீட்டர் அகலமுள்ள ஓடையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேராக ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் வைக்கக் கூடாது. படுகையில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு மட்டமாகப் பள்ளம் பறியுங்கள். நீரோட்டத் திசையில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஐந்து ஆறு வரிசைக் கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். கனமான கற்கள் கீழ்ப்பக்க வரிசையில் வர வேண்டும். ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் ஏறக் கூடாது. கட்டி முடித்த உயரம், கரை நிரம்பி ஓடும்போது இருக்கும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 30 செ.மீ. கனத்தில் இதற்கு ஏறத்தாழ 2 டன் கல் ஆகும். நான்கைந்து பேர் ஒரு நாளில் முடிக்கலாம்.

முதல் வெள்ளம் வடிந்த பிறகு குனிந்து பாருங்கள். கல் இடுக்குகளில் நுண்மணலும் சருகும் விதையும் சிக்கியிருக்கும். மேற்பக்கம் விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருக்கும். விரலால் கீறினால் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். அந்த ஈரத்தில் புல் முளைத்து வேர் பிடித்த பிறகு கல்லுக்கு வேலை குறைகிறது. முழுதும் நிரம்பிச் செடி மூடியதும், தேவைப்பட்டால் மேற்பக்கமாகச் சற்றுத் தள்ளி அடுத்த அடுக்கை வைக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே இரண்டடுக்கு வைத்தால் அது அணையாகிவிடும். அணைக்குரிய எல்லா ஆபத்தும் வந்து சேரும்.

படுகை திடீரென ஒரு படி போல வீழும் இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. அந்தப் படி ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்நோக்கி நகர்ந்து, வழியில் உள்ள ஈரமான புல்வெளியையெல்லாம் வடித்துவிடும். லாரியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது, கட்டட இடிபாட்டையும் பழைய டயரையும் போட்டு அடைப்பது என்று பலர் செய்கிறார்கள். நீர் அதன் அடியிலும் பக்கத்திலும் புகுந்து, படியை இன்னும் வேகமாக நகர்த்தும். அதற்குப் பதில் அந்த ஒரு பெரிய வீழ்ச்சியைக் கல்லால் இரண்டு மூன்று சிறிய வீழ்ச்சிகளாக்கி, நடுவில் கல் பாவிய கிண்ணம் அமைத்து, அதன் கீழே ஓரடுக்குத் தடுப்பு வைத்து நீர் தேங்கும்படி செய்ய வேண்டும். விழும் நீர் நீரின் மேல் விழுந்தால் மண்ணைப் பறிக்காது.

இப்படி மேலே பிடித்தால் கீழே இருப்பவர்களுக்கு நீர் குறையாதா என்ற கேள்வி நியாயமானது. அரிசோனாவின் சிரிகாவா மலைகளில் சிறு கல்தடுப்புகள் நிறைந்த ஓடையையும், தடுப்பில்லாத பக்கத்து ஓடையையும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். தடுப்புள்ள ஓடையில் உச்சவெள்ளம் தணிந்திருந்தது. மொத்த நீரோட்டமோ 28 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மணலில் தங்கிய நீர் மெல்ல வெளியேறியதே காரணம். ஆனால் எல்லா ஓடையிலும் இதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண் கனமும் பாறையின் தன்மையும் இதைத் தீர்மானிக்கின்றன. தேக்கும் குளங்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கலாம். கொலராடோ மாநிலத்தில் 2015 முதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை வரையிலான வெள்ளநீரில் 97 விழுக்காட்டை 72 மணி நேரத்துக்குள் வெளியே விட்டாக வேண்டும். கீழ்மடை உரிமையைக் கேட்டறியாமல் மேலே குளம் வெட்டக் கூடாது.

மேலே வேலை ஆன பிறகு, கீழே தாழ்வான இடத்தில் வெள்ளம் தங்கும் படுகை. 100 ஹெக்டேர் நகர்ப்பகுதியில் 25 மி.மீ. மழை பெய்து, அதில் 60 விழுக்காடு ஓடிவந்தால் 15,000 கனமீட்டர் நீர். சராசரி 60 செ.மீ. ஆழத்துக்குத் தேக்கினால் இரண்டரை ஹெக்டேர் இடம் போதும். இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம். வண்டலையும் கணக்கிடுங்கள். ஓடிவரும் நீரில் லிட்டருக்கு 5 கிராம் வண்டல் இருக்கிறது என்று வைத்தால், அந்த ஒரு மழை 75 டன் மண்ணைக் கொண்டுவருகிறது; ஏறக்குறைய 58 கனமீட்டர். எனவே நுழைவாயிலிலேயே மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,500 கனமீட்டருக்கு ஒரு வண்டல் தொட்டி வேண்டும். மண்ணெல்லாம் அங்கேயே தங்கினால் பதின்மூன்று மழையில் அது பாதி நிரம்பிவிடும். பாதி நிரம்பியதும் தூர் வார வேண்டும். நிரம்பும் வரை காத்திருந்தால் அடுத்த வெள்ளம் படிந்ததையும் கிளப்பிக்கொண்டு ஈரநிலத்துக்குள் போய்விடும். தொட்டிக்குள் பொக்லைன் இறங்க உறுதியான சாய்தளமும், அடிமட்டம் தெரியக் கான்கிரீட் தரையும், அளவு குறித்த கம்பமும் வையுங்கள். இயந்திரம் இறங்க வழியில்லாத தொட்டியை யாரும் தூர் வாருவதில்லை.

வண்டல் தொட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 60 செ.மீ. நீர் மணிக்கு 1.25 செ.மீ. வீதம் மண்ணில் இறங்கினால் 48 மணி நேரத்தில் தரை வெளியே தெரியும். களிமண் படிந்து அந்த வேகம் மணிக்கு கால் செ.மீ. ஆனால் பத்து நாள் நிற்கும். வெப்பமான நீரில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். ஊர்மக்கள் ஈரநிலத்தை வெறுக்கத் தொடங்குவது அங்கேதான். அதனால் வற்ற வேண்டிய பகுதி 72 மணி நேரத்துக்குள் வற்றுகிறதா என்று ஒவ்வொரு பருவத்திலும் அளக்க வேண்டும். வற்றவில்லை என்றால் தரை நன்கு காய்ந்திருக்கும்போது மேலே படிந்த களிமண் தகட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள மண்ணைக் கிளறிவிட வேண்டும். ஈரத்தில் கனரக இயந்திரத்தை இறக்கினால் மண் அமுங்கி நிலைமை மோசமாகும்.

எப்போதும் நீர் நிற்கும் பகுதி வேண்டும் என்றால் அதைச் சிறியதாக வையுங்கள். ஆண்டுக்கு 2 மீட்டர் ஆவியாகும் இடத்தில் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பு 2 கோடி லிட்டரை வானத்துக்குக் கொடுத்துவிடும், கசிவு தனி. மழையை மட்டும் நம்பி அதை நிரப்ப முடியாது, சுத்திகரித்த கழிவுநீர் போன்ற நிலையான வரத்து வேண்டும். தரையில் களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக ஈரப்பதம் பார்த்து அமுக்கி, 30 முதல் 45 செ.மீ. கனத்துக்குப் போட வேண்டும். அது ஒருமுறை காய்ந்து வெடித்தால் மீண்டும் பழையபடி சேராது. குளத்தின் நடுவே ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழம் இருக்கட்டும். ஆழம் குறைவாக இருந்தால் சம்பு என்ற நீர்ப்புல் முழுப் பரப்பையும் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த சம்புக்குள் கொசுவைத் தின்னும் மீன் நுழைய முடியாது. அரிசோனாவின் டூசான் நகரின் ஸ்வீட்வாட்டர் ஈரநிலத்தில் சம்பையும் கோரையையும் கட்டுப்பாட்டோடு எரித்து அடர்த்தியைக் குறைக்கிறார்கள். அதே நகரின் கீனோ திட்டமும் பார்க்கத் தக்கது. 1960களில் வெட்டிய வெறும் வெள்ளத்தேக்கப் பள்ளம், சுமார் 50 ஹெக்டேர் பரப்பில் குளமும் ஓடையும் புல்வெளியுமாக மாற்றப்பட்டு, பிடித்த மழைநீர் பக்கத்து விளையாட்டுத் திடல்களுக்குப் பாசனமாகிறது. வெள்ளம் தாங்கும் கொள்ளளவையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கு முன்பும் நீரை எடுத்துப் பயன்படுத்தினால்தான் அடுத்த வெள்ளத்துக்கு இடம் இருக்கும்.

உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீர் ஆண்டுக்கு 2 மீட்டர் ஆவியானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 கிலோ உப்பு மிஞ்சும்; ஹெக்டேருக்கு 20 டன். போக்கு இல்லாத குளம் சில ஆண்டுகளில் உவர்நிலமாவது இதனால்தான். வெளியேறும் மதகு கட்டாயம் வேண்டும். மழைவெள்ளம் வரும்போது அதைத் திறந்து நல்ல நீரால் உப்பைக் கழுவ வேண்டும். மெக்சிகோவில், கொலராடோ ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சாந்தா கிளாரா சதுப்பு 1977 முதல் உவர்ப்பான விவசாய வடிநீரை மட்டுமே குடித்துப் பல ஆயிரம் ஹெக்டேருக்குச் சம்புக் காடாக நிற்கிறது. நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கடலோரச் சேற்றுவெளிக்கு ஓடிக்கொண்டே இருப்பதால் அது பிழைத்திருக்கிறது.

செடிக்கு இப்போது வரலாம். நட ஆரம்பிக்கும் முன் ஒரு முழு ஆண்டாவது நிலத்தடி நீர்மட்டத்தை அளக்க வேண்டும். அடிப்பகுதியில் கீறல் போட்ட 5 செ.மீ. பிளாஸ்டிக் குழாயை ஆழ இறக்கி, மாதம் ஒருமுறை நாடா விட்டுப் பார்த்தால் போதும். கோடையின் கடைசியில் நீர்மட்டம் 3 மீட்டருக்குள் நின்றால் அமெரிக்கத் தென்மேற்கின் காட்டன்வுட், வில்லோ போன்ற மரங்களுக்கு அது ஏற்ற இடம். அதற்கும் கீழே போனால் ஆழவேர் கொண்ட மெஸ்கீட் போன்றவற்றை மேட்டில் வைக்க வேண்டும். மெஸ்கீட் அங்கே மண்ணின் மரம். அதே பேரினத்தைச் சேர்ந்த சீமைக் கருவேலம் வேறு பல நாடுகளில் ஓடைகளை அடைக்கும் அந்நிய மரம். இணையத்தில் பார்த்த செடிப் பட்டியலை அப்படியே எடுத்து நடக் கூடாது. அந்தந்த நீர்ப்பிடிப்பில் முன்பு எது நின்றதோ அதையே தேடுங்கள்.

வில்லோ, காட்டன்வுட் கம்புகளை இலை உதிர்ந்திருக்கும் பருவத்தில் வெட்ட வேண்டும். 2 முதல் 3 மீட்டர் நீளம், பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டு, அடிப்பாகத்தை ஒன்று இரண்டு வாரம் நீரில் ஊறவிட வேண்டும். பிறகு துளைக்கருவியால் நீர்மட்டம் வரை துளையிட்டு, கம்பின் அடி 20 செ.மீ.யாவது நீருக்குள் நிற்கும்படி இறக்க வேண்டும். துளையை உலர்ந்த மண்ணால் மூடினால் நடுவில் காற்று நின்று, அந்த இடத்தில் வேர் காய்ந்துவிடும். மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றுவதே சரி. வெளியே தெரியும் பகுதிக்குக் கம்பி வலை போடாவிட்டால் முயலும் ஆடுமாடும் முதல் துளிரையே தின்றுவிடும். விதையிலிருந்து தானாக முளைக்கும் கன்றுகளை நம்பினால் வெள்ளம் வடியும் வேகத்தைப் பார்க்க வேண்டும்: நீர்மட்டம் நாளைக்கு சுமார் 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வேர் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. மேலே தேக்கம் இருந்தால் மதகை மெல்ல மூடுவதால் மட்டுமே ஒரு தலைமுறை மரம் கிடைக்கும்.

அமெரிக்கத் தென்மேற்கில் அந்நிய மரமாகப் பரவிய டாமரிஸ்க் என்ற உப்புமரத்தை ஒழிப்பதில் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அது ஓடைகளை நெருக்கி, இலை வழியே உப்பை உதிர்த்து மேல்மண்ணைக் கெடுப்பது உண்மை. அதைத் தின்னும் வண்டுகளை அமெரிக்க வேளாண் துறை 2001-ல் திறந்த வெளியில் விட்டது. ஆனால் காட்டன்வுட்டும் வில்லோவும் போன இடங்களில், 1995-ல் அழியும் இனமாக அறிவிக்கப்பட்ட தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் குருவி அந்த உப்புமரத்திலேயே கூடு கட்டிக்கொண்டிருந்தது. 2010-ல் வண்டுத் திட்டத்தை நிறுத்தினார்கள். வண்டுகள் பரவுவது நிற்கவில்லை. ஆகவே ஒரே மூச்சில் வெட்டித் தள்ள வேண்டாம். முதலில் பக்கத்தில் மண்ணின் மரங்களை நட்டு, அவை உயர்ந்த பிறகு, கூடு கட்டும் பருவம் தவிர்த்து, துண்டு துண்டாக வெட்டுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் சில நிமிடங்களுக்குள் களைக்கொல்லி மருந்து தடவாவிட்டால் திரும்பத் தழைக்கும். வெட்டிய இடத்தின் மண்ணில் உப்பின் அளவைச் சோதியுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் வில்லோ பிழைப்பது கடினம், உவர் தாங்கும் புல்லும் புதரும் வைக்கலாம்.

நீரை எங்கே விடுகிறோம் என்பதும் முக்கியம். 2014 மார்ச் 23 முதல் மே 18 வரை, அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு, வறண்டு கிடந்த கொலராடோ டெல்டாவில் 13 கோடி கனமீட்டர் நீரை மொரேலோஸ் அணையிலிருந்து திறந்தன. ஆறு கடலைத் தொட்டது, மக்கள் கரையில் திரண்டார்கள். ஆனால் பெரும்பகுதி நீர், மரம் பிழைக்க முடியாத ஆழத்தில் நீர்மட்டம் இருந்த மேல்படுகையிலேயே இறங்கிவிட்டது. 2021 மே முதல் அக்டோபர் வரை 4.3 கோடி கனமீட்டரைப் பாசன வாய்க்கால் வழியே நேராக மீட்புப் பகுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். 2014-ல் விட்டதில் மூன்றில் ஒரு பங்கு நீர்தான் இது; ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

சவூதி அரேபியத் தலைநகர் ரியாத்தின் வாதி ஹனீஃபாவையும் சொல்லாமல் விட முடியாது. 120 கி.மீ. பள்ளத்தாக்கு, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி அடைபட்டுக் கிடந்தது. அங்கே முதலில் செய்தது இடிபாட்டை அள்ளியது, வெள்ளம் ஓடும் பாதையைத் திரும்ப வகுத்தது. அதன் பிறகே கல்தடுப்புகளும், பாசியும் நுண்ணுயிரும் நீரைச் சுத்தம் செய்யும் குளத்தொட்டிகளும், மரங்களும் வந்தன. 2010-ல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இனி ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு திட்டத்தின் தொடக்க விழாவுக்கு உங்கள் செய்தியாளர்கள் போகும்போது பச்சைப் பசேலென்ற படத்தோடு சில விவரங்களையும் கேட்டு வெளியிடுங்கள். வண்டல் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, அதைத் தூர் வார அடுத்த ஐந்து ஆண்டுக்கு எந்தக் கணக்கில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? வாரிய மண்ணில் ஈயமும் எண்ணெயும் இருக்கிறதா என்று சோதித்து எங்கே கொட்டுவார்கள்? நீர்மட்டக் குழாய்கள் எத்தனை, யார் அளக்கிறார்கள்? ஓடையின் குறுக்குவெட்டை எந்தெந்த இடத்தில் நிலையான கற்கள் நட்டு அளந்து வைத்திருக்கிறார்கள்? முதல் பெருவெள்ளம் வடிந்த ஒரு வாரத்துக்குள் அதே கற்களிலிருந்து மறுபடி அளந்து, எந்தத் தடுப்பின் ஓரம் அறுத்திருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த மழைக்கு முன் கல் வைத்துச் சரிசெய்ய ஆளும் பணமும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்பதை அவசியம் கேளுங்கள்.

இப்படிக்கு,
நீரியல், ஓடைப் பொறியியல், தாவரவியல் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்